பெயர்ப்பலகை மாட்டுவதற்கு முன்

(லண்டனில், சொந்தச் சட்ட நிறுவனம் தொடங்க எண்ணியிருக்கும் தமிழ் சொலிசிட்டர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிறுவனம் தொடங்கப் போகிறேன் என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்பார்கள். எந்தத் தெருவில் இடம் எடுப்பது, என்ன பெயர் வைப்பது, வாடகை எவ்வளவு வரும், முதல் கட்சிக்காரர் எங்கிருந்து வருவார். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் நான் அவர்களிடம் முதலில் கேட்பது வேறு. கடை திறந்து சில மாதத்தில் நீங்கள் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறீர்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஒரு குடும்பம் வீடு வாங்கி முடிக்க வேண்டும். அவர்களுடைய நாலு லட்சம் பவுண்டு உங்கள் நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது. அந்தக் காசை யார் அனுப்புவார்?

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர் நிறுவனம் தொடங்கலாம். பதில் இல்லாதவர் அதைத் தேடிக்கொண்டு பிறகு தொடங்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர்கள் மீது இருக்கிற விதிகளை எல்லாம் நான் இந்த ஒரு கேள்வியின் வழியாகத்தான் புரிந்துகொண்டேன். நீங்கள் தவறினால், நீங்கள் விழுந்தால், நீங்கள் ஏமாந்தால் உங்களை நம்பி வந்த மனிதர் என்ன ஆவார்? காப்புறுதி விதி, கணக்கு விதி, கருப்புப் பண விதி எல்லாம் இதற்கான விடைகள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அந்தப் படிவங்கள் ஒவ்வொன்றும் ஏன் கேட்கப்படுகின்றன என்பது விளங்கும்.

நம் மக்களிடையே இந்தத் தொழிலுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. யாழ்ப்பாணத்தில் பிரக்கிராசி என்றால் ஊரின் காணிச் சண்டை முழுக்கத் தெரிந்தவர். உறுதி எழுதுபவரும் அவர், குடும்பப் பிணக்குகளில் கூப்பிட்டுக் கேட்கப்படுபவரும் அவர். பிரக்கிராசி, அப்புக்காத்து என்ற பிரிவு இலங்கையில் 1974இல் நீங்கிவிட்டது. இரண்டு தரப்பும் ஒரே அட்டர்னி ஆனார்கள். இங்கிலாந்தில் அந்தப் பிரிவு இன்னும் இருக்கிறது, பிரக்கிராசியின் இடத்தில் சொலிசிட்டர் இருக்கிறார். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்த நம்மவர்களுக்கு அகதி வழக்கு, பிறகு வீடு, பிறகு கடை ஒப்பந்தம், இப்போது உயில் என்று ஒன்றன்பின் ஒன்றாக சொலிசிட்டர் தேவைப்பட்டது. ஈஸ்ட் ஹாமிலும் ஹரோவிலும் டூட்டிங்கிலும் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சிறு அலுவலகங்கள் அப்படி வளர்ந்தவை. தன் மொழியில் தன் கதையைச் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்று ஒரு தாய் நினைப்பதில் தவறே இல்லை. அந்த அலுவலகங்கள் இன்னும் பல வர வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அதனால்தான் கண்டிப்பாகப் பேசுகிறேன்.

யார் தொடங்கலாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்துவது எஸ்.ஆர்.ஏ., அதாவது சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அதோரிட்டி. 2007இல் அமைந்தது, தலைமையகம் பர்மிங்காமில். சான்சரி லேனில் இருக்கும் லா சொசைட்டி நம்மைப் பிரதிநிதித்துவப்படுத்தும் அமைப்பு. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அனுமதி தருவதும் தண்டிப்பதும் எஸ்.ஆர்.ஏ.; துணை நிற்பது லா சொசைட்டி. இப்போது நடைமுறையிலுள்ள விதித்தொகுப்பு 2019 நவம்பர் 25இல் அமலுக்கு வந்தது. அதன்படி எந்த நிறுவனத்திலும் வேலையை மேற்பார்வை செய்ய, குறைந்தது மூன்று ஆண்டு தொழில் செய்த ஒரு சட்டத்தரணி இருக்க வேண்டும். ஆகவே எஸ்.க்யூ.ஈ. என்ற சொலிசிட்டர் தகுதிப் பரீட்சை எழுதி நேற்றுப் பதிவானவர் இன்று தனியாகப் பலகை மாட்ட முடியாது. இது நல்ல விதி. அந்த மூன்று ஆண்டில் இன்னொருவர் காசில், இன்னொருவர் காப்புறுதியில் நீங்கள் பிழை விட்டுப் பழகுகிறீர்கள். உங்கள் கோப்பை இன்னொரு கண் பார்க்கிறது.

பொதுவாக வடிவம் மூன்று. தனி ஆளாக நடத்துவது ஒன்று. கம்பனியாகவோ எல்.எல்.பி. என்ற வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையாகவோ பதிந்து நடத்துவது இன்னொன்று. ஒரே ஒருவர் இயக்குநராக இருக்கும் கம்பனியும் இதில் அடங்கும். சட்டத்தரணி அல்லாதவர்களும் பங்கு வைத்திருக்கும் நிறுவனம் மூன்றாவது. 2007ஆம் ஆண்டின் சட்டச் சேவைகள் சட்டம் அதற்கு வழி திறந்தது. கணவர் கணக்காளர், மனைவி சொலிசிட்டர், இருவரும் சேர்ந்து நடத்த விரும்பினால் அந்த மூன்றாவது வாசல் வழியாகத்தான் போக வேண்டும். எந்த வடிவமானாலும் இரண்டு பொறுப்பாளர்களைப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும்: சட்ட ஒழுங்குக்கு ஒருவர், நிதிக்கும் நிர்வாகத்துக்கும் ஒருவர். சிறிய இடத்தில் இரண்டும் நீங்களே. பிழை நடந்தால் எஸ்.ஆர்.ஏ.க்கு அறிவிக்க வேண்டியவரும், அந்தப் பிழையை விட்டவரும் ஒரே ஆள் என்ற நிலை அது. அதற்கு மனத் துணிவு வேண்டும்.

2019 விதிகள் இன்னொரு வழியையும் தந்தன. நிறுவனமே இல்லாமல், சொந்தப் பெயரில், யாரையும் வேலைக்கு வைக்காமல் ஃப்ரீலான்ஸ் சொலிசிட்டராக இயங்கலாம். நீதிமன்ற வழக்கு நடத்துதல், ஆதன உறுதி தயாரித்தல் போன்ற ஒதுக்கப்பட்ட வேலைகளைச் செய்வதென்றால் மூன்று ஆண்டு அனுபவமும் போதுமான காப்புறுதியும் வேண்டும். முன்கூட்டி வாங்கும் கட்டணமும் வழக்குச் செலவும் தவிர வேறு கட்சிக்காரர் பணம் கையில் வைக்கக் கூடாது. இதைவிட இன்னும் இலகுவான வழி, ஏற்கெனவே அனுமதி பெற்ற நிறுவனமொன்றின் கீழ் கன்சல்டன்டாகச் சேர்ந்து கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்வது. காப்புறுதியும் கணக்கும் அவர்களுடையது, கட்சிக்காரர் உங்களுடையவர். "சொந்தக் கடை இல்லையே" என்று இதைக் குறைவாக நினைக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. என் கணிப்பில், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு நம் இளைஞர்களில் பாதிப் பேருக்கு இதுதான் சரியான இடம். உங்களுக்கு எத்தனை கட்சிக்காரர் உண்மையிலேயே வருவார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

இனி காப்புறுதி. இந்த உரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் பகுதியை வையுங்கள்.

தொழில்முறைக் காப்புறுதி இல்லாமல் எந்த நிறுவனமும் ஒரு நாள்கூட இயங்க முடியாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனியாள் நிறுவனத்துக்குக் குறைந்தது 2 மில்லியன் பவுண்டு, கம்பனிக்கும் எல்.எல்.பி.க்கும் 3 மில்லியன் பவுண்டு. எஸ்.ஆர்.ஏ. ஒப்புக்கொண்ட காப்புறுதி நிறுவனங்களிடம்தான் வாங்க வேண்டும், எஸ்.ஆர்.ஏ. வகுத்த குறைந்தபட்ச நிபந்தனைகளோடு வாங்க வேண்டும். அந்த நிபந்தனைகள் கட்சிக்காரர் பக்கம் சாய்ந்தவை. நீங்கள் விண்ணப்பத்தில் எதையாவது மறைத்திருந்தாலும் கட்சிக்காரருக்குக் காப்புறுதி மறுக்கப்படாது. கொடுத்த பணத்தைப் பிறகு உங்களிடம் அறவிட அவர்கள் வருவார்கள்.

தவணைப் பணம் உங்கள் வருமானத்தையும், நீங்கள் செய்யும் வேலையின் தன்மையையும் பொறுத்தது. வீடு வாங்கி விற்கும் வேலைதான் அவர்களுக்குப் பெரிய பயம். ஏன் என்று விளங்க 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ட்ரீம்வார் வழக்கைப் பாருங்கள். லண்டனில் ஒரு வீட்டை அதன் சொந்தக்காரர் போலவே நடித்து ஒரு மோசடிக்காரன் விற்றான். விலை ஒரு மில்லியன் பவுண்டுக்கு மேல். பணம் போய்விட்டது, வீடு கிடைக்கவில்லை. வாங்கியவருடைய சொலிசிட்டர்கள் நேர்மையாக நடந்தார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இருந்தும், உண்மையான விற்பனை நடக்காமல் கட்சிக்காரர் பணத்தைக் கையிலிருந்து விட்டது நம்பிக்கைப் பொறுப்பை மீறியது என்று அவர்களைப் பொறுப்பாக்கிய தீர்ப்பு நிலைத்தது. விற்றவன் பக்கத்துச் சொலிசிட்டர்களும் தப்பவில்லை. காப்புறுதி இருந்தது சொலிசிட்டர்களுக்கு, வாங்கியவருக்கு எதுவும் இல்லை என்பதும் நீதிபதிகளின் யோசனையில் இருந்தது. கெட்டிக்காரராக, நேர்மையானவராக இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும்.

முன்பு இந்தக் காப்புறுதி எல்லோருக்கும் பொதுவான ஒரு நிதியத்திலிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து திறந்த சந்தை. எங்கும் கிடைக்காதவர்களுக்கு ஒரு பொதுக் கூடை இருந்தது. அதுவும் 2013இல் மூடப்பட்டது. இன்று புதுப்பிக்க முடியாமல் போனால் பழைய பொலிசி 90 நாள் நீளும். முதல் 30 நாளுக்குள் வேறு காப்புறுதி தேடிக்கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டால் மிச்சம் 60 நாளில் இருக்கிற கோப்புகளை ஒப்படைத்துக் கடையை மூட வேண்டும்; அந்த நாள்களில் புதிய வேலை எதையும் ஏற்கக் கூடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று தர மதிப்பீடு இல்லாத காப்புறுதி நிறுவனங்களிடம் போனவர்கள் பட்ட பாட்டை மூத்தவர்கள் அறிவார்கள். 2010இல் அயர்லாந்தின் க்வின், 2013இல் லாத்வியாவின் பல்வா என்று அந்த நிறுவனங்களே சரிந்தன. பல்வா சரிந்தபோது சொலிசிட்டர்கள் இரண்டாம் முறை காசு கட்டி வேறு காப்புறுதி தேடி ஓடினார்கள். தவணையில் சில நூறு பவுண்டு மிச்சம் பிடிக்க அந்த வழியில் போகாதீர்கள்.

அடுத்து யாரும் திறக்கும் நாளில் யோசிக்காத ஒன்று. நிறுவனத்தை மூடும்போது, அதை ஏற்று நடத்த இன்னொரு நிறுவனம் இல்லையென்றால், அடுத்த ஆறு ஆண்டில் வரக்கூடிய கோரிக்கைகளுக்கான ரன்-ஆஃப் காப்புறுதிக்குக் காசு கட்ட வேண்டும். அது வழக்கமான ஆண்டுத் தவணையின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, சிலவேளை அதற்கும் மேல். மூட வேண்டும் என்ற ஆசை இருந்தும் இந்தத் தொகையைக் கட்ட வழியில்லாமல் எழுபது வயதிலும் காலையில் அலுவலகம் திறக்கும் தனியாள் சொலிசிட்டர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். களைத்த கண்ணோடு ஒருவர் எழுதும் ஒப்பந்தத்தில் யாருடைய வீடு இருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. காப்புறுதி எடுக்கும் நாளிலேயே ரன்-ஆஃப் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அந்தத் தொகையை ஐந்து ஆண்டில் சேர்க்கும் அளவுக்கு மாதந்தோறும் தனியே ஒரு கணக்கில் போட்டு வாருங்கள். வாடகையைப் போல, ஊழியர் சம்பளத்தைப் போல அதுவும் ஒரு மாதச் செலவு.

இனிக் கட்சிக்காரர் பணம். சட்டத்தில் எளிமையானதும் நம் சமூகத்தில் மிகக் கஷ்டமானதும் இதுதான்.

விதி நேரானது. கட்சிக்காரர் பணம் உங்கள் பணத்தோடு கலக்கக் கூடாது. தனிக் கணக்கு, அதன் பெயரில் அது கட்சிக்காரர் கணக்கு என்பது தெரிய வேண்டும். ஐந்து வாரத்துக்கு ஒருமுறையாவது வங்கிக் கூற்றையும் உங்கள் பேரேட்டையும் பொருத்திப் பார்த்து ஒப்பமிட வேண்டும். ஆண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் கணக்காளர் அறிக்கை வேண்டும். சராசரி இருப்பு 10,000 பவுண்டுக்கும் அதிகபட்ச இருப்பு 250,000 பவுண்டுக்கும் மேற்படாத சிறு கணக்குகளுக்கு விலக்கு உண்டு. வேலை முடிந்ததும் மிச்சப் பணத்தை உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கஷ்டம் எங்கே வருகிறது? ஊர்க்காரர் ஒருவர் வருவார். "அண்ணை, இந்தக் காசை உங்கட கணக்கிலை கொஞ்ச நாளைக்கு வைச்சிருங்கோ, நான் சொல்லேக்கை மச்சானுக்கு அனுப்பி விடுங்கோ" என்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம். உங்கள் கலியாணத்துக்கு வந்தவராக இருக்கலாம். ஆனால் சட்ட வேலை எதுவும் இல்லாமல் உங்கள் கணக்கை வங்கி போல் பாவிக்கக் கொடுப்பது எஸ்.ஆர்.ஏ. கணக்கு விதி 3.3இன்படி தடுக்கப்பட்டது. அதற்காகவே சொலிசிட்டர்கள் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். "ஏலாது தம்பி, சட்டம் விடாது" என்று முகத்துக்கு நேரே சொல்லப் பழக வேண்டும். சொன்னால் ஒரு கட்சிக்காரர் போவார். சொல்லாவிட்டால் உரிமம் போகும்.

2023 அக்டோபரில் ஆக்சியம் இன்ஸ் என்ற நிறுவனத்தில் எஸ்.ஆர்.ஏ. தலையிட்டு அதை மூடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர் இருந்த இடம். கட்சிக்காரர் கணக்கில் 60 மில்லியன் பவுண்டுக்கு மேல் காணவில்லை. இழப்பை ஈடுசெய்வது நாம் எல்லோரும் ஆண்டுதோறும் பணம் கட்டும் ஈட்டு நிதியம். அடுத்த ஆண்டில், கட்சிக்காரர் பணம் வைத்திருக்கும் நிறுவனம் ஒவ்வொன்றும் அந்த நிதியத்துக்குக் கட்டும் தொகை 660 பவுண்டிலிருந்து 2,220 பவுண்டாக உயர்ந்தது. ஹரோவில் இரண்டு அறையில் நடத்தும் ஒருவரும் அதையே கட்டினார். கட்சிக்காரர் பணம் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு மட்டும் என்பதைக் கவனியுங்கள். கட்சிக்காரர் பணத்தையே கையில் தொடாத நிறுவனத்துக்கு அந்தக் கட்டணம் கிடையாது.

ஆகையால் என் யோசனை இது. குடிவரவு, வேலைத்தகராறு, குடும்ப வழக்கு என்று தொடங்குகிறவர்கள் முதலில் கட்சிக்காரர் கணக்கே இல்லாமல் தொடங்குங்கள். முன்கூட்டி வாங்கும் கட்டணமும் செலவும் மட்டுமே கைக்கு வருகிறதென்றால், அதைக் கட்சிக்காரரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுத் தனிக் கணக்கு இல்லாமலே நடத்த விதி இடம் தருகிறது. விசாக் கட்டணத்தைக் கட்சிக்காரரே தன் அட்டையிலிருந்து உள்துறை அமைச்சுக்கு நேரடியாகக் கட்டட்டும். வீடு வாங்கி விற்கும் வேலையைப் பிற்காலத்தில் தொடங்கலாம். அதற்குப் போகும்போது அடமானக் கடன் தரும் வங்கிகளின் பட்டியலில் இடம் வேண்டும். லா சொசைட்டியின் கன்வேயன்சிங் தரச்சான்று இல்லாமல் பல வங்கிகள் சேர்க்க மாட்டா. சில வங்கிகள் தனியாள் நிறுவனத்தை ஏற்பதே இல்லை. இதை விசாரிக்காமல் வீட்டு வேலையை நம்பி வாடகை ஒப்பந்தம் போட்டவர்கள் அழுதிருக்கிறார்கள்.

வீட்டு வேலையோடு சேர்ந்து வருவது பணத்தின் மூலம் என்ற கேள்வி. 2017 ஜூன் 26இல் அமலுக்கு வந்த கருப்புப் பணத் தடுப்பு விதிகளின்படி நிறுவனம் முழுவதற்குமான ஆபத்து மதிப்பீட்டை நீங்கள் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அதை எழுதாமலே காலம் கடத்திய சிறு நிறுவனங்கள் மீது எஸ்.ஆர்.ஏ. தொடர்ந்து அபராதம் விதித்து வருகிறது. இணையத்தில் கிடைக்கும் மாதிரியில் பெயரை மாற்றி வைத்தால் போதாது. உங்கள் கட்சிக்காரர் யார், அவர்கள் பணம் எப்படி நகர்கிறது என்பதை உங்களைவிட நன்றாக எழுதக்கூடியவர் யார்? நம் குடும்பங்களில் வீட்டுக்கான முற்பணம் எப்படிச் சேர்கிறது என்று நமக்குத் தெரியும். சீட்டு எடுத்த காசு ஒரு பங்கு. கனடாவிலிருந்து மாமா தந்தது ஒரு பங்கு. கடையில் வந்த ரொக்கம் ஒரு பங்கு. ஊர்க் காணி விற்று உண்டியலில் வந்தது ஒரு பங்கு. இவற்றில் பெரும்பகுதி உழைத்த காசு என்று நானும் நம்புகிறேன். நம்புவது போதாது, காட்ட வேண்டும். சீட்டென்றால் யார் நடத்தினார், எத்தனை பேர், மாதம் எவ்வளவு கட்டினார், வங்கியில் அதன் தடம் எங்கே? மாமா என்றால் மாமாவின் அடையாளமும் அவர் வருமானமும் வேண்டும். பதிவு இல்லாத உண்டியல் வழியாக வந்த காசுக்கு ஆவணத் தடம் கிடைப்பதே அரிது. அதை ஏற்றால் உங்கள் மேசையில் விளக்கம் சொல்ல ஒன்றும் இருக்காது.

இதைத் தமிழ் சொலிசிட்டர்தான் நன்றாகச் செய்ய முடியும். ஓர் ஆங்கிலேய நிறுவனம் சீட்டு என்ற பேச்சைக் கேட்டதுமே கோப்பை மூடிவிடும். உங்களுக்கு அது என்னவென்று தெரியும், சரியான கேள்வியும் தெரியும், நேர்மையான குடும்பத்துக்கு வழியும் காட்ட முடியும். ஆனால் சந்தேகம் வலுத்தால் நேஷனல் க்ரைம் ஏஜென்சிக்கு அறிவிப்பது சட்டக் கடமை. அறிவித்ததைக் கட்சிக்காரருக்குச் சொல்வது தனிக் குற்றம். கோயிலில் எதிர்ப்பட்டு "ஏன் அண்ணை இழுபடுது?" என்று கேட்டாலும் வாய் திறக்க முடியாது. அந்தக் கணம் எவ்வளவு கனமானது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு இந்தத் தொழிலுக்கு வாருங்கள்.

குடிவரவு வேலை பற்றி ஒரு வார்த்தை. சட்ட உதவி பெரும்பாலான குடிவரவு வழக்குகளிலிருந்து 2013 ஏப்ரலில் எடுக்கப்பட்டது; அகதி வழக்குக்கு இருக்கிறது. ஆகவே வருகிற ஏழைக் கட்சிக்காரர் கடன்பட்டுத்தான் உங்களுக்குப் பணம் தருகிறார். நாடு கடத்தும் விமானத்துக்கு முதல்நாள் இரவு, வெல்ல வழியே இல்லாத மனுவை நீதிமன்றத்தில் போட்டு நாள் கடத்திக் காசு வாங்குவது ஒரு காலத்தில் பெருகியிருந்தது. 2012இல் ஹமீத் வழக்கில் உயர் நீதிமன்றம் அதற்குக் கண்டிப்பான முடிவு சொன்னது. அப்படிச் செய்யும் சொலிசிட்டரை நீதிபதிகளே அழைத்து விளக்கம் கேட்பார்கள், பெயர் வெளிவரும், கோப்பு எஸ்.ஆர்.ஏ.க்குப் போகும். அனுமதியில்லாமல் குடிவரவு ஆலோசனை தருவது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பயண முகவர் கடையிலும் கணக்காளர் அலுவலகத்திலும் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்கள் உங்களிடம் வந்து "கேஸ் நான் தாறன், பேர் நீங்கள் போடுங்கோ" என்பார்கள். அந்த மனிதருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அவர் பார்த்த வேலைக்கு உங்கள் பெயர் ஒருநாளும் போகக் கூடாது.

மற்றக் கடமைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீடு, உயில் சொத்து, குடிவரவு, வேலைத்தகராறு முதலிய வேலைகளுக்கு 2018 டிசம்பரிலிருந்து கட்டண விவரத்தை வெளிப்படையாக வெளியிட வேண்டும். முறைப்பாடு வந்தால் எட்டு வாரத்துக்குள் நீங்கள் முடிக்க வேண்டும். திருப்தி இல்லாதவர் லீகல் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம் என்பதைத் தொடக்கக் கடிதத்திலேயே எழுத வேண்டும். தரவுப் பாதுகாப்புக்குப் பதிய வேண்டும். வருவாய் 90,000 பவுண்டைத் தாண்டினால் வாட் வரி. கதவு தட்டி வேலை தேடக் கூடாது; விளம்பரம் செய்யலாம்.

இனி யார் துணை? தனியாக நிற்கிறோம் என்ற உணர்வுதான் இந்தத் தொழிலில் பலரைத் தவறச் செய்கிறது. ஒரு பிழையை ஒளிக்க இரண்டாவது பிழை, அதை ஒளிக்க மூன்றாவது. முதல் பிழை அபராதத்தோடு போயிருக்கும். மூன்றாவதைச் சொலிசிட்டர்களின் ஒழுக்காற்று மன்றமான டிசிப்ளினரி ட்ரிபியூனல் நேர்மையின்மை என்று பார்க்கும், பெயர் பட்டியலிலிருந்து நீங்கும். அதனால் கேட்கப் பழகுங்கள். எஸ்.ஆர்.ஏ.யிலேயே நெறிமுறை ஆலோசனைக்கு ஒரு தொலைபேசிச் சேவை இருக்கிறது. கேட்டால் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து நம்மவர்கள் அங்கே அழைப்பதில்லை. பயப்படாமல் அழையுங்கள், பேசியதைக் குறித்துக் கோப்பில் வையுங்கள். புதுவிதமான நிறுவனங்களுக்கு வழிகாட்ட எஸ்.ஆர்.ஏ. இன்னோவேட் என்ற பிரிவும் உண்டு. லா சொசைட்டியில் தொழில் ஆலோசனைச் சேவையும், நூலகமும், சிறு நிறுவனங்களுக்கான கையேடுகளும் கிடைக்கின்றன. லாகேர் என்ற அறக்கட்டளை சட்டத்துறையில் இருப்பவர்களின் மன உளைச்சலைக் காது கொடுத்துக் கேட்கிறது. செலவில்லை, இரகசியம் காக்கப்படும். தொழில் நொடித்தவர்களுக்கும் நோயில் விழுந்தவர்களுக்கும் கை கொடுக்கும் சொலிசிட்டர்ஸ் சாரிட்டி 1858இல் தொடங்கியது. முதலீட்டுக்கு அரசு ஆதரவுடன் ஸ்டார்ட் அப் லோன் 25,000 பவுண்டு வரை கேட்கலாம். ஆனால் தனிப்பட்ட முறையில் நீங்கள் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் அது. வீட்டு அடமானத்தை நீட்டிக் காசு எடுப்பதற்கு முன், ஆறு மாதம் ஒரு பவுண்டும் வராமல் இருந்தால் வீடு எப்படி ஓடும் என்று துணைவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். இந்தத் தொழிலில் வேலை செய்த நாளுக்கும் காசு கைக்கு வரும் நாளுக்கும் இடையே பல மாதம் இருக்கும். வேலை இல்லாமல் மூடிய நிறுவனங்களைவிட, வேலை நிறைய இருந்தும் கையில் காசு இல்லாமல் தள்ளாடிய நிறுவனங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் கிடக்கும்போது அந்த வெள்ளிக்கிழமை யார் காசு அனுப்புவார்? இதற்குக் காப்புறுதி பதில் சொல்லாது, எஸ்.ஆர்.ஏ. படிவமும் பதில் சொல்லாது. தனியாள் நிறுவனத்தில் எந்த ஏற்பாடும் இல்லாமல் ஆள் விழுந்தால் எஸ்.ஆர்.ஏ. தலையிட நேரலாம், கோப்புகள் இன்னோர் இடத்துக்குப் போகும், வங்கிக் கணக்கு முடங்கும், செலவும் அந்த நிறுவனத்தின் தலையில் விழும், கட்சிக்காரர் வீடு கைநழுவும். இதைத் தடுக்க இன்னொரு சொலிசிட்டரோடு முன்கூட்டியே எழுத்தில் ஓர் ஏற்பாடு வேண்டும். வங்கியில் அவர் இயங்க அதிகாரம், கோப்புகள் எங்கே எந்த நிலையில் இருக்கின்றன என்ற பட்டியல், கணினிச் சாவிகள், அவருக்குக் கொடுக்க வேண்டிய ஊதியம், காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிப்பு, உங்கள் உயிலில் ஒரு சொலிசிட்டரை நிறைவேற்றுநராகக் குறிப்பிடுதல். ஒரு மாலைப் பொழுதில் எழுதி முடிக்கக் கூடிய வேலை.

எழுதுவது இலகு, ஆள் கிடைப்பதுதான் அரிது. அதனால் இங்கே முன்வரிசையில் இருக்கும் மூத்த சொலிசிட்டர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு ஒருவர் என்று நீங்கள் ஒவ்வொருவரும் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். உங்களுக்கும் அதே வயதும் அதே ஆபத்தும் இருக்கிறது. அந்த இளைஞர் உங்கள் கோப்புகளுக்குப் பொறுப்பேற்கட்டும். வாசலில் இருக்கும் பதிவு மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் பெயரையும், நீங்கள் செய்யும் வேலையின் வகையையும், அலுவலகம் இருக்கும் பகுதியையும் எழுதிவிட்டுப் போங்கள். ஏற்பாட்டுக் கடிதத்தின் மாதிரி வரைவு ஒன்றும் அங்கே இருக்கிறது. உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் காட்டித் திருத்திக்கொண்டு ஒப்பமிடுங்கள்.